பரக்கத்து: சொல்லும் பொருளும்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் எந்த முஸ்லிம் வீட்டுக்குப் போனாலும் காதில் விழும் சொல் பரக்கத்து. வீட்டாளுக்கு ஆக்கின சோறு திடீரென வந்த விருந்தாளிக்கும் சேர்த்துக் கண்டுவிட்டால் (போதுமாகிவிட்டால்), "சோறு பரக்கத்தா இருந்துச்சு" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்தும் கடன் அடையாத வீட்டில், "காசு வருது, பரக்கத்து இல்ல" என்பார்கள். சோறு கொஞ்சம், பணமோ நிறைய. கொஞ்சத்தில் இருந்தது நிறையவில் இல்லை. 'செல்வம்', 'இலாபம்' என்று இதைப் பெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அரபியில் இதன் வேர் ப-ர-க. ஒட்டகம் நெஞ்சைத் தரையில் பதித்து மடிந்து உட்கார்வதற்கு 'பரக' என்று பெயர். அப்படி உட்கார்ந்த ஒட்டகத்தை லேசில் கிளப்ப முடியாது. நீர் தேங்கி நிற்கும் குளத்துக்கு 'பிர்கா'. குர்ஆன் சொற்களுக்கு அகராதி செய்த இராகிப் அல் இஸ்ஃபஹானி, ஒரு பொருளில் இறைவனின் நன்மை நிலைகொள்வதே பரக்கத்து என்று சொல்லி, குளத்தில் தண்ணீர் நிற்பதையே அதற்கு எடுத்துக்காட்டுகிறார். தங்குதல் முதற்பொருள், பெருகுதல் அதையொட்டி வந்தது.

மழை குறைந்த இந்தச் சீமையில் இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம், ஊருணியைக் காட்டினால் போதும். "ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு" என்று வள்ளுவரும் செல்வத்தைத் தேங்கிய நீரில்தான் கண்டார். நின்றால்தான் ஊருணி, ஊர் மொண்டு குடித்தால்தான் அந்தப் பெயரே அதற்குப் பொருந்தும்.

எதிர்ச்சொல்லைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். குர்ஆன் 2:276, வட்டியை அல்லாஹ் அழிக்கிறான், தர்மங்களை வளர்க்கிறான் என்கிறது. அங்கே 'அழிக்கிறான்' என்பதற்கு வரும் வினை 'மஹ்க்' என்ற வேரிலிருந்து பிறந்தது. மாதக் கடைசியில் நிலா தேய்ந்து மறையும் இரவுகளுக்கும் அரபியில் இதே வேரிலிருந்துதான் பெயர். ஒரே நாளில் யாரும் பறித்துக்கொண்டு போவதில்லை, கண்ணெதிரே கரைகிறது.

வியாபாரம் பற்றிய நபிமொழியிலும் அதே வினை வருகிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, சரக்கின் குறையையும் வெளியே சொன்னால் அந்த வியாபாரத்தில் இருவருக்கும் பரக்கத்து உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத்து அழிக்கப்படும் என்று புகாரி என்ற நபிமொழித் தொகுப்பு பதிவுசெய்திருக்கிறது. தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு கண்டித்த செய்தி, இமாம் முஸ்லிம் திரட்டிய நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. கூடையில் மேலே நல்ல கருவாட்டைப் பரப்பி, அடியில் ஈரக் கருவாட்டைத் தள்ளுகிறவருக்கு இதற்குமேல் விளக்கவுரை தேவையில்லை.

நன்றிக்கும் இதற்கும் உறவு உண்டு. "நீங்கள் நன்றி செலுத்தினால் உங்களுக்கு அதிகமாக்குவேன்" என்பது குர்ஆன் 14:7. நன்றியைக் குறிக்கும் 'ஷுக்ர்' வேரிலிருந்து வந்த 'ஷகூர்' என்ற சொல்லை, கொஞ்சம் தீனி தின்றே கொழுக்கும் கால்நடைக்கும் அரபியர் வழங்கினார்கள். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியும் இதே திசையில்தான் போகிறது. கொடையோடு உள்ள உறவுக்கு, தர்மம் பொருளைக் குறைப்பதில்லை என்ற நபிமொழி ஒன்றே போதும். கீழக்கரை வள்ளல் சேகு அப்துல் காதிர் மரைக்காயருக்கு, "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று தமிழ்நாடே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

எழுத்துக்கு வருவோம். பரக்கத், பரக்கத்து, பறக்கத்து என்று மூன்று வடிவமும் உண்டு. அரபு ரகரத்தை வல்லின றகரமாக எழுதுவது பழைய வழக்கம்தான் (றஹ்மத், றமழான் போல). ஆனாலும் தங்குவதற்கான சொல்லைப் 'பறக்க' விடுவானேன்? இடையின ரகரமே இருக்கட்டும். முபாரக் (பரக்கத்து பெற்றது), தபர்ருக் (பரக்கத்து நாடுதல்) இரண்டும் இதே வேரில் கிளைத்தவை.

தமிழில் என்ன சொல்வது? 'பாக்கியம்' வடமொழிச் சொல். அதிர்ஷ்டத்தின் சாயலும் ஒட்டியிருக்கிறது. 'ஆசி' ஒருவர் வாயிலிருந்து வருவது, பொருளில் தங்கும் தன்மையைச் சொல்லாது. 'அருள்வளம்' பரவாயில்லை, பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் இதை எழுதலாம். என்னைக் கேட்டால், தமிழ் இந்தக் கருத்தை வினைகளில் வைத்திருக்கிறது. சோறு காணும், காசு தங்கும், குடும்பம் விளங்கும். "அந்தக் காசு அவனுக்கு ஒட்டாது" என்று எந்த மதத்துக் கிழவி சபித்தாலும் அது 'மஹ்க்' தான்.

மொழிபெயர்ப்பில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. மக்காவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் மதீனா வந்த நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு, மதீனாக்காரரான ஸஅத் இப்னு ரபீஃ தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அதை வாங்கவில்லை. "பாரகல்லாஹு லக" என்று தொடங்கி, ஸஅதின் குடும்பத்துக்கும் பொருளுக்கும் துஆ (பிரார்த்தனை) செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார். 'அல்லாஹ் உமக்கு ஆசி வழங்குவானாக' என்று அதைப் பெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். "உம் குடும்பத்தையும் பொருளையும் அல்லாஹ் விளங்கச் செய்வானாக; சந்தை எந்தப் பக்கம்?" என்று எழுதினால் சரியாக இருக்கும்.