வரவேற்பு மைல்ஸும் தொண்ணூறு நாள் கணக்கும்

கடந்த நவம்பரில், வருமான வரிப் படிவம் அனுப்புவதற்கான இறுதி வாரத்தில், கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் கணக்காளர் அலுவலகத்துக்கு வந்த இளம் பொறியியலாளர் ஒருவர், சம்பளச் சிட்டைகளோடு சேர்த்து ஒரு கடனட்டையின் ஆறு மாதக் கூற்றுகளையும் மேசையில் வைத்தார். வரிக்கு அவை தேவைப்படவில்லை. இருந்தாலும் இரண்டாம் பக்கத்தில் மாதாமாதம் ஒரே இடத்தில் நின்ற ‘வட்டி’ என்ற வரி கண்ணில் பட்டதால், பென்சிலால் அதன் கீழே கோடிட்டு, இது என்ன தம்பி என்று கேட்டேன். “அது பரவாயில்லை அக்கா, பதினையாயிரம் மைல்ஸ் சும்மா தந்தவங்கள்” என்றார்.

அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன். கணக்காளர் தொழிலுக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் வங்கியொன்றின் அட்டைப் பிரிவில் வேலை செய்தவள் என்ற வகையில், புதிதாக அட்டை எடுப்பவருக்கு, விமான டிக்கெட் எடுக்க உதவும் மைல்ஸ் போன்ற புள்ளிகளாகத் தரப்படும் வரவேற்புப் போனஸ் என்பது வங்கி தரும் அன்பளிப்பு அல்ல, ஒரு வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு ஒதுக்கப்படும் செலவு என்பதை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். சுப்பர் மார்க்கெட் வாசலில் மேசை போட்டு நிற்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் கமிஷன் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறதோ, உங்களுக்குத் தரப்படும் மைல்ஸும் ஏறத்தாழ அதே கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

பயண மைல்ஸ் என்ற ஏற்பாடு 1981 மே மாதம் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தொடங்கிய திட்டத்தோடு பரவலானது. விமான நிறுவனம் மைல்ஸை வங்கிக்கு விற்கிறது. வங்கி அதை அட்டைதாரருக்குக் கொடுக்கிறது. அதற்கான பணம் இரண்டு வழிகளில் வருகிறது: கடைக்காரரிடமிருந்து அறவிடப்படும் சிறு வீதம் ஒன்று, நிலுவை வைப்பவர் கட்டும் வட்டி மற்றொன்று. கடைக்காரரிடமிருந்து வருவது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் அது ஏறத்தாழ 2 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியமோ 2015இல் சட்டம் போட்டுக் கடனட்டைக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டது. அமெரிக்க அட்டைகளின் போனஸ்கள் நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். 2016 ஆகஸ்டில் சேஸ் வங்கி வெளியிட்ட சபையர் ரிசேர்வ் அட்டை, முதல் மூன்று மாதங்களில் 4,000 டொலர் செலவழித்தால் 100,000 புள்ளிகள் என்று அறிவித்தது. அப்போது ஆண்டுக் கட்டணம் 450 டொலர். மக்கள் முண்டியடித்ததில் வங்கியாலேயே தாக்குப்பிடிக்க முடியாமல், அடுத்த ஆண்டே அந்தப் போனஸ் பாதியாக்கப்பட்டது. ஒரு போனஸை வாங்கிவிட்டு அடுத்த அட்டைக்குத் தாவுகிறவர்களைத் தடுக்க, 24 மாதங்களுக்குள் எந்த வங்கியிலாயினும் ஐந்து அட்டைகள் எடுத்தவரின் விண்ணப்பத்தைச் சேஸ் வங்கி நிராகரிப்பதும் அங்கு எல்லோரும் அறிந்ததே.

இந்த விபரமெல்லாம் நமக்கு எதற்கு என்றால், ரொறன்ரோவிலும் நியூ ஜேர்சியிலும் இருக்கும் மச்சான்மார் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யோசனைகள் அந்த ஊர்க் கணக்கில் சொல்லப்படுபவை. அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது இங்கே பொருந்தாது. கொழும்பில் கிடைக்கும் சலுகை பெரும்பாலும் முதலாண்டுக் கட்டண விலக்கு, ஒரு வவுச்சர், சில ஆயிரம் புள்ளிகள் என்ற அளவில்தான் இருக்கும். வட்டியோ அங்கிருப்பதை விடக் குறைவில்லை.

பொறியியலாளரின் கணக்குக்கு வருகிறேன். அந்த மைல்ஸ் கிடைக்க 90 நாட்களில் 300,000 ரூபா செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எழுபதாவது நாள் பார்த்தபோது 190,000தான் ஆகியிருந்தது. மீதி 110,000க்கு, எப்படியும் ஒருநாள் வாங்க வேண்டியதுதானே என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டு, செட்டியார் தெருவில் தங்கையின் கல்யாணத்துக்கென ஒரு சங்கிலி வாங்கினார். கடையில் “கார்ட் எண்டால் மூன்று வீதம் கூட” என்று சொல்லி 3,300 ரூபா மேலதிகமாக எடுத்தார்கள். இப்படி அறவிடுவது வணிகர் வங்கியோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்கு முரணானது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டோடு போய் அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம். அவர் முறையிடவில்லை. கல்யாணச் சாமான் வாங்கப் போன இடத்தில் யார்தான் சண்டை பிடிப்பார்கள்.

பிறகு 300,000 ரூபாவும் ஒன்றாக வந்து நின்றபோது, மாதம் 30,000 கட்டினால் போதும், குறைந்தபட்சக் கொடுப்பனவைவிட அது அதிகம்தானே என்று நினைத்தார். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டைக்கு விதித்த உச்ச வட்டி ஆண்டுக்கு 28 சதவீதம். அவருடைய அட்டையிலும் அந்த வீதமே இருந்தது. முதல் மாத வட்டி 7,000. அடுத்த மாதம் 6,463. இப்படி ஆறு மாதத்தில் வட்டி மட்டும் ஏறத்தாழ 33,700 ரூபா. 180,000 கட்டிய பின்னும் நிலுவை 153,700. முழுத் தொகையையும் கட்டாத மாதத்திலிருந்து புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதையும் அவர் அறிந்திருக்கவில்லை. நல்ல வேளை, அட்டையை அதற்குமேல் தேய்க்கவில்லை.

வட்டியும் கடைக்காரர் எடுத்ததும் சேர்ந்து 37,000. பதினையாயிரம் மைல்ஸால் வகுத்தால் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2.47 ரூபா. இது வாங்கிய விலை. அந்த மைல் எத்தனை ரூபா பெறும் என்பதைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. நீங்கள் போக விரும்பும் அதே நாளுக்கு, அதே விமானத்தின் டிக்கெட் விலையைப் பாருங்கள். மைல்ஸ் கொடுத்து எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தைத் தேவைப்படும் மைல்ஸின் எண்ணிக்கையால் வகுங்கள். டிக்கெட் 70,000, கட்ட வேண்டிய வரி 32,000, தேவை 20,000 மைல்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு மைல் 1.90 ரூபாதான். சென்னை போன்ற குறுகிய பயணங்களில் டிக்கெட் விலையில் வரியின் பங்கு பெரிது என்பதால், மைல்ஸின் மதிப்பு அங்கேதான் அதிகம் அடிபடும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதம் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியில் சேர்ந்துவிட்டதால், அதன் ஃப்ளைஸ்மைல்ஸ் திட்டத்தில் சேர்த்த மைல்ஸைக் கொண்டு கத்தார், கதே பசிபிக் விமானங்களிலும் இருக்கை தேடலாம். தூரப் பயணத்துக்குச் சேர்த்து வைப்பவருக்குக் கணக்கு சற்றுச் சாதகமாக வரக்கூடும். அதற்கும் சலுகை இருக்கை காலியாக இருக்க வேண்டும்.

நாள் கணக்கிலும் பலர் வழுக்கி விழுகிறார்கள். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாட்களை எண்ணினார். விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்ட நாளிலிருந்து என்று நிபந்தனைத் தாளில் சிறிய எழுத்தில் இருந்தது. இடையில் போனது பன்னிரண்டு நாட்கள். போனஸும் போயிற்று. தவணைத் திட்டத்துக்கு மாற்றிய கொள்வனவு, ஏ.டி.எம்.மில் எடுத்த பணம், சில இடங்களில் எரிபொருள், மின்கட்டணம் ஆகியவை செலவு இலக்கில் சேராமல் விடப்படுவதுண்டு. எதெது சேராது என்று வங்கியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதைப் பின்னர் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வட்டி வீதம் நீங்கள் கையெழுத்திட்ட நாளில் இருந்தபடியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 2020 முதல் 18 சதவீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த கடனட்டை வட்டி, 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டபின் அதே ஆண்டிலேயே பல அட்டைகளில் 36 சதவீதத்தைத் தொட்டது. அந்த மாதங்களில் டொலரில் ஹோட்டல் பதிவு செய்திருந்தவர்களை நான் மறக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360க்கு நின்றது. அட்டையைத் தேய்த்த நாளின் விலையில் அல்லாமல் கணக்கில் பதிவான நாளின் விலையில்தான் அவர்களுக்குப் பில் வந்தது.

போனஸுக்காக மூன்று நான்கு அட்டைகளுக்கு விண்ணப்பிப்பவர்கள், நாமெல்லாம் ‘கிரிப்’ என்று சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்தப் பணியகத்தின் அறிக்கையில் ஒவ்வோர் அட்டையின் எல்லையும் நிலுவையும் தெரியும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது, பாவிக்காமல் அலுமாரியில் கிடக்கும் அட்டையின் எல்லையையும் சில வங்கிகள் உங்கள் கடன் சுமையாகவே எடுத்துக்கொள்ளும்.

நம் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையில் தலைப்பெழுத்தும் பெயரும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுவதுமாக, மைல்ஸ் கணக்கில் இரண்டும் கலந்து என்று மூன்று விதமாக எழுதி வைத்திருக்கும் தமிழர் பலர். மைல்ஸ் கொடுத்து எடுத்த டிக்கெட்டில் பெயரைத் திருத்துவது எளிதல்ல. ரத்துச் செய்து மைல்ஸைத் திரும்பப் பெறக் கட்டணம் போகும். ரொறன்ரோவில் உள்ள மகள் தன் ஏரோபிளான் (எயார் கனடாவின் மைல்ஸ் திட்டம்) புள்ளிகளில் இங்குள்ள தாயாருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது உண்மையிலேயே நல்ல பயன்பாடு. பெயரை மட்டும் கடவுச்சீட்டைப் பார்த்து, எழுத்து எழுத்தாகப் பதியச் சொல்லுங்கள்.

மாதச் செலவை எப்படியும் அட்டையிலேயே செய்து, ஒவ்வொரு மாதமும் முழு நிலுவையையும் கட்டிவிடுகிறவர் வரவேற்புப் போனஸைத் தாராளமாக வாங்கலாம். நானும் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். வாங்கிய அன்றே, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் பதிவாகும் திகதியை நாட்காட்டியில் குறித்து வைத்தேன்.

பொறியியலாளரின் நிலுவையைக் குறைந்த வட்டியுள்ள தனிநபர் கடனுக்கு மாற்றி, அட்டையை மூடி, மூடியதற்கான கடிதத்தையும் வாங்கிவிட்டோம். மே மாதம் சென்னையில் நடந்த தங்கையின் கல்யாணத்துக்கு அவர் மைல்ஸில் டிக்கெட் தேடினார். அந்த வாரத்தில் சலுகை இருக்கை ஒன்றுகூட இல்லாததால் காசு கொடுத்தே போய்வந்தார். பதினையாயிரம் மைல்ஸும் அவருடைய கணக்கில் அப்படியே இருக்கின்றன, காலாவதித் திகதியோடு.