கதவைத் தட்டிப் பாருங்கள், அப்புறம் ஸ்பீக்கர் வாங்கலாம்

கும்பகோணத்தில் கார் ஆடியோ வேலை பார்க்கிறேன். தை அறுப்பு முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: “அண்ணே, கம்பெனி ஸ்பீக்கர் வேஸ்ட். எத்தனை வாட்ஸ் போடலாம்?” நான் பதில் சொல்லாமல் வண்டியின் முன்கதவை விரல் முட்டியால் தட்டுவேன். காலி டின்னைத் தட்டினால் என்ன சத்தம் வருமோ, அதேதான் வரும்.

கம்பெனி ஸ்பீக்கர் சாதாரணமானது என்பது உண்மைதான். கழற்றிப் பார்த்தால் மெல்லிய பேப்பர் கோன் (அதிர்ந்து சத்தம் எழுப்பும் புனல்), பிளாஸ்டிக் சட்டம், உள்ளங்கைக்குள் அடங்குகிற காந்தம். விலையையும் எடையையும் குறைக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பாதிக் குற்றம் ஸ்பீக்கர் மேல் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேல். ஸ்பீக்கரின் கோன் முன்னால் ஒரு அலையைத் தள்ளும்போது பின்னால் அதற்கு நேர் எதிரான அலையும் போகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதில் முதலில் காணாமல் போவது பாஸ், அதாவது கனமான கீழ் ஒலி. வீட்டு ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு என்றால் இதற்குத்தான். காரில் கதவுதான் பெட்டி. அந்தப் பெட்டியிலோ கண்ணாடி மோட்டாருக்கும் பூட்டுக் கம்பிக்கும் வயருக்குமாக ஏழெட்டு ஓட்டைகள்.

அதனால் நான் முதலில் செய்யச் சொல்வது கதவு வேலை. டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, வெளித்தகட்டின் உட்புறம் பியூட்டைல் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் மாதிரி ஷீட்) ஒட்டி உருட்டி அழுத்த வேண்டும். தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை, அதிர்கிற நடுப்பகுதியில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மூடினாலே போதும். உள்தகட்டின் ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரைச் சுற்றி காற்று கசியாமல் ஃபோம் வைக்க வேண்டும். சிலர் காசை மிச்சம் பிடிக்க மொட்டைமாடிக்கு ஒட்டுகிற தார் ஷீட்டை ஒட்டிவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அது இளகி வழியும், வண்டிக்குள் தார் நாற்றம் அடிக்கும்.

நம் பக்கத்துக்கு இன்னொன்று முக்கியம். ஐப்பசி மழையில் கண்ணாடி வழியாக இறங்குகிற தண்ணீர் கதவுக்குள் போய், அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும். அது பழுதல்ல, அப்படித்தான் கதவையே அமைத்திருக்கிறார்கள். ஓட்டை அடைக்கிற உற்சாகத்தில் அந்தத் துளைகளையும் ஷீட்டால் மூடிவிட்டால் கதவு குளமாகிவிடும். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் டோர் பேடைக் கழற்றியதும் கால் மேல் தண்ணீர் ஊற்றியது. ஸ்பீக்கருக்கு அடியில் வைத்திருந்த எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வளையம் பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பி, திருகாணியைக் கையாலேயே இழுத்தால் வந்தது. உப்புக்காற்று வேறு, டெர்மினல் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. வளையம் பிளாஸ்டிக்கில் கேளுங்கள். மரம்தான் என்றால் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வாட்ஸுக்கு வருவோம். டேஷ்போர்டு செட்டின் மேல் ‘50 வாட் x 4’ என்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84. அந்த 50 இப்படி வந்ததுதான். சத்தம் பிளந்து கரகரக்கும் உச்சத்தில் உள்ள கணக்கு அது. சுத்தமான ஒலிக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்டை ஒட்டித்தான் கணக்கே வரும். கையில் கிடைப்பது 15 முதல் 20 வாட். தனி ஆம்ப் (பவரைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல், அட்டைப்பெட்டியில் ‘500 வாட்’ என்று போட்ட ஸ்பீக்கரை இதில் மாட்டி என்ன செய்ய? ஆற்றில் தண்ணீர் வராமல் வாய்க்காலை அகலப்படுத்துகிற வேலை.

அட்டைப்பெட்டியில் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு. 88 டெசிபல், 91 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கூடுதல் என்றால் அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும். செட்டிலேயே நேராக மாட்டுகிறவர்கள் 90-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். ஆனால் பலர் தேங்காய் வாங்குகிற மாதிரி கையில் தூக்கி எடை பார்க்கிறார்கள். நியோடிமியம் காந்தம் சின்னதாக, லேசாகத்தான் இருக்கும், அதற்காக மட்டமானது என்று அர்த்தமில்லை.

போன மாதம் நன்னிலம் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். வேறொரு இடத்தில் நான்கு ஸ்பீக்கரும் மாற்றியிருக்கிறார். “பழசுல இருந்த பாஸ்கூட போச்சுண்ணே” என்றார். பேலன்ஸை முழுக்க இடது பக்கம் திருப்பினேன், பாஸ் வந்தது. நடுவில் வைத்தேன், போய்விட்டது. அப்போதே விஷயம் தெரிந்துவிட்டது. டோர் பேடைக் கழற்றினால், கம்பெனி கப்ளரை (வயர்களை இணைக்கும் சொருகியை) வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சாதாரண 1.5 வோல்ட் பென் டார்ச் செல்லை எடுத்து, அந்த வயர் முனைகளில் ஒரு நொடி தொட்டேன். பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். இடது பக்கம் தள்ளியது, டிரைவர் பக்கம் உள்ளே இழுத்தது. ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பாஸ் எங்கே நிற்கும்? வயரை மாற்றிப் போட்டு முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. புது ஸ்பீக்கர் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

எனவே மாட்டுகிறவரிடம் ஒன்று கறாராகச் சொல்லிவிடுங்கள்: வயரை வெட்டக்கூடாது. உங்கள் மாடலுக்கான கப்ளர் கடையில் கிடைக்கும். அது இருந்தால் பழையபடி மாற்றவும் முடியும், வாரண்டியில் தகராறு வருவதும் குறையும். மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக் வயர், அதன் பக்கமே போகக் கூடாது. தனி ஆம்ப் வைத்தால் பேட்டரியிலிருந்து வருகிற வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் டிக்கியில் இருந்தால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உயர் ரக வண்டிகளில் சிலவற்றில் கம்பெனியே தனி ஆம்ப் வைத்து 2 ஓம் ஸ்பீக்கர் கொடுத்திருக்கும். அதில் 4 ஓம் மாட்டினால் சத்தம் குறையும். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், அது 4 ஓம் என்றால் மூன்றேகால், மூன்றரை என்று காட்டும். ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் யோசித்து வாங்குங்கள்.

பட்ஜெட் குறைவு என்றால் முழுதையும் முன்பக்கத்தில் போடுங்கள். நாம் கச்சேரியை எதிரில் உட்கார்ந்து கேட்கிறோம், முதுகைக் காட்டிக்கொண்டு அல்ல. ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) நடுவிலேயே சேர்ந்து வரும் கோஆக்சியலா, தனியாக வரும் காம்போனன்ட்டா என்றால், ட்வீட்டரைக் காதுக்கு நேராக மேலே வைக்க இடம் இருந்தால் காம்போனன்ட். இல்லாவிட்டால் நல்ல கோஆக்சியல் போதும்.

தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டை நம்பாதீர்கள், அது எதில் போட்டாலும் இடிக்கும். நான் தவில் தனி ஆவர்த்தனம் போடுவேன். வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத்தில்) விரல்கூடு விழுகிற ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்டால் ட்வீட்டர் தேறும். பூவரசங்கம்பு தொப்பியில் (இடப்பக்கத்தில்) விழும்போது ‘தொம்’ என்று அடி தெரிந்து, உடனே நிற்க வேண்டும். நிற்காமல் ‘தொம்ம்ம்’ என்று இழுத்தால் அது தவில் இல்லை, கதவு.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே நரசிங்கம்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தவில்காரர்தான். பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்று வந்தார். நான்கு பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கதவு வேலையை மட்டும் முதலில் முடித்தேன். பழைய கம்பெனி ஸ்பீக்கரையே திரும்ப மாட்டி, அவர் வாசித்த பதிவையே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். “இப்பதான் தம்பி தொப்பி கேக்குது. ஸ்பீக்கர அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஷீட்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நான்கு பெட்டியையும் திரும்ப அலமாரியில் ஏற்றினேன்.