டிராவுக்கு எதிரான பந்தயம்: கணக்கு எங்கே முடிகிறது, துரத்தல் எங்கே தொடங்குகிறது

சூதாட்டப் பழக்கத்துக்காக மனநல ஆலோசனைக்கு வருபவர்களுள் போக்கர் ஆடுபவர்கள் சற்றுத் தனி வகை. மற்ற ஆட்டங்களில் பணத்தை விட்டவர் பெரும்பாலும் தலைகுனிந்து உட்காருவார். போக்கரில் விட்டவரோ தாளும் பேனாவும் கேட்பார். தாம் ஆடியது சூதாட்டமல்ல, நிகழ்தகவுக் கணக்கு என்று நிறுவ முற்படும் அவர் முதலில் எழுதிக் காட்டுவது, எதிராளி ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும்போது, அதாவது டிராவில் இருக்கும்போது, எவ்வளவு பந்தயம் கட்ட வேண்டும் என்ற பாடத்தைத்தான். அந்தக் கணக்கு சரியானது. அதை மறுத்து வாதாடும் பெற்றோர் வீட்டில் தோற்றுப்போவதற்கும் அதுவே காரணம் என்பதால், முதலில் அதை முழுமையாகப் பார்த்துவிடுவோம்.

வரம்பற்ற டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு. முதல் மூன்றும் ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். உங்களிடம் ஏஸ் ஜோடி. நான்கு சீட்டு விழுந்த மேசையில் இரண்டு ஹார்ட்டின், எதிராளி கையிலும் இரண்டு ஹார்ட்டின் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணில் படாத 46 சீட்டுகளில் ஹார்ட்டின் 9. ஆகவே ரிவரில் அவருக்கு ஃப்ளஷ், அதாவது உங்கள் ஏஸ் ஜோடியை வெல்லும் ஒரே இனச் சீட்டு ஐந்து, அமைய 19.6 சதவீத வாய்ப்பு. நடுவில் சேர்ந்திருக்கும் பாட் 1,000 ரூபாய் என்றால், நீங்கள் 500 கட்டும்போது அவர் 1,500-ஐ வெல்ல 500 போட வேண்டும். நூற்றுக்கு 25 முறை வென்றால்தான் அது அவருக்குக் கட்டுப்படியாகும். வெல்லப்போவது 20 முறைகூட இல்லை என்பதால், அவர் கால் செய்யும், அதாவது அதே தொகையைப் போட்டு ஆட்டத்தில் தொடரும், ஒவ்வொரு தடவையும் சராசரியாக 109 ரூபாய் அவருக்கு நட்டம். மாறாக நீங்கள் 250 மட்டும் கட்டினால் அதே சீட்டில் அவருக்குச் சராசரியாக 43 ரூபாய் லாபம். பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இங்கே எல்லைக்கோடு. அதற்கு மேல் கட்டினால் டிராவுக்கு விலை வைக்கிறீர்கள், கீழே கட்டினால் அதை மலிவாக விற்கிறீர்கள்.

இதை மனப்பாடமாகச் சொல்பவர்கள், தாங்களே டிராவில் இருக்கும்போது வேறு கணக்குக்கு மாறிவிடுகிறார்கள். ஃப்ளாப்பிலிருந்து ரிவர் வரை இரண்டு சீட்டுக்கும் சேர்த்து ஃப்ளஷ் வாய்ப்பு 35 சதவீதம். அந்த 35-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு, டர்ன் சீட்டு ஒன்றுக்கான விலையை மட்டும் எண்ணிப் பார்த்துக் கால் செய்கிறார்கள், டர்னில் மறுபடி ஒரு பந்தயம் விழும் என்பதை மறந்து. அங்கும் இடித்தால், சீட்டு விழுந்தபின் எதிராளியிடம் இன்னும் கறந்துவிடலாம் என்ற சமாதானம் வருகிறது. மேற்சொன்ன 500 ரூபாய்க் காலை ஈடுகட்ட, ஃப்ளஷ் அமையும் ஒவ்வொரு முறையும் ரிவரில் சராசரியாக 556 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். மேசையில் மூன்றாவது ஹார்ட்டின் விழுந்ததை எதிராளியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆயினும் இவை ஆட்டப் பிழைகள், நோய் அல்ல. என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. வருபவர்களிடம் வெற்றி தோல்விக் கணக்கைக் கேட்பதைவிட, இணைய ஆட்டத் தளம் சேமித்து வைத்திருக்கும் ஆட்டப் பதிவைக் கொண்டுவரச் சொல்வதே எனக்குப் பயன்பட்டிருக்கிறது, ஏனெனில் நேரமும் பந்தயத் தொகையும் அதில் வரிசையாக இருக்கும். மென்பொருள் பணியிலுள்ள ஒருவரின் பதிவில் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) இரவு பதினொன்று வரை பந்தயங்கள் பாட்டில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையே ஒழுங்காக நின்றன. அதன்பின் ஏஸ் ஜோடியை ரிவரில் விழுந்த ஒரு ஸ்பேடு அடித்தது. சிறிது நேரத்தில், 400 ரூபாய்ப் பாட்டில் 2,600 ரூபாய் ஆல்-இன், அதாவது மேசையில் இருந்த பணம் முழுவதும். காரணம் கேட்டேன். “டேபிள்ல ரெண்டு ஸ்பேடு கிடந்துச்சு டாக்டர், ஃப்ளஷ்ஷுக்கு சான்ஸே கொடுக்கக் கூடாதுன்னுதான்” என்றார்.

அந்தப் பந்தயம் டிராவுக்கு விலை வைக்கவில்லை. விலை வைப்பது என்றால், தவறான விலையிலும் எதிராளி கால் செய்ய வேண்டும் என்று விரும்புவது. இவரோ யாரும் கால் செய்துவிடக் கூடாது என்று அஞ்சினார். அத்தனை பெரிய தொகைக்கு முன் டிராவில் இருப்பவர் பெரும்பாலும் ஃபோல்டு செய்து விலகிவிடுவார். மிஞ்சி நின்று கால் செய்பவரிடம், மேசைச் சீட்டோடு சேர்த்து, ஜோடியை வெல்லும் ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டு அநேகமாக இருக்கும். அவருக்கு அன்று நடந்ததும் அதுதான். பந்தயத்தைத் தீர்மானித்தது கண்முன் இருந்த மேசையல்ல, சற்றுமுன் விழுந்த அந்த ஸ்பேடு. இழந்ததை மீட்கத் திரும்பத் திரும்ப வருவதும், தொகையைக் கூட்டிக்கொண்டே போவதும் சூதாட்டக் கோளாறுக்கான அளவுகோல்களில் இடம்பெற்றவை. போக்கரில் அவை இரண்டும் கணக்கின் மொழியைப் பேசுவதால் வெளியே தெரிவதில்லை.

டிராவில் இருந்து தவறவிட்டவரின் நிலையும் எளிதன்று. மயிரிழையில் தவறும் தோல்வி, வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளையே தூண்டுகிறது என்று ஆய்வாளர் லூக் கிளார்க்கும் அவருடைய சகாக்களும் 2009-இல் காட்டினார்கள். அது சுழல் இயந்திர ஆட்டத்தை ஒத்த சோதனை, போக்கர் அல்ல. இருந்தாலும் நான்கு ஹார்ட்டினோடு ரிவருக்குக் காத்திருந்தவர்கள் சொல்வதைக் கேட்டவனுக்கு அது வியப்பளிக்காது. இதற்கிடையே பாட்டிலிருந்து தளம் பிடித்துக்கொள்ளும் ரேக், சரியாக ஆடுபவரின் மெல்லிய லாபத்தையும் கரைத்துவிடும்.

திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதம் நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமோ, அந்தப் பேதம் பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்கிறது. வீட்டில் அந்த வாதம் எதற்கும் உதவாது. “உன் கணக்கு சரிதான், பன்னிரண்டு மணிக்கு மேல் நீ கட்டிய தொகைகளைக் காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். பதிவைக் காட்ட மறுத்தால், யுபிஐ வரம்பைக் குறைப்பதையும் கடன் செயலிகளை நீக்குவதையும் அவர் சம்மதத்தோடு அன்றே செய்துவிடலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.