பாம்பு, ஆமை விற்கும் கடை: எந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு எந்த ஆபீஸுக்குப் போவது?

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர், வண்ணமீன் கடையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடந்த நட்சத்திர ஆமையைப் பாவம் பார்த்து வாங்கினார். மறுநாள் வனத்துறையிடம் ஒப்படைக்கப் போனால், “எங்கே வாங்கினாய், பில் எங்கே?” என்று அவரையே அரை நாள் உட்கார வைத்தார்கள். கடைக்காரர், “நான் விற்கவே இல்லை” என்று கையை விரித்துவிட்டார்.

அதனால் காப்பாற்றுவதற்காகக்கூட வாங்காதீர்கள். நட்சத்திர ஆமை 2023 ஏப்ரல் முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். விற்றவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும்தான். வாஸ்துவுக்கு நல்லது என்று தள்ளிவிடுகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

“இது ஃபாரின் சார், நம்ம சட்டம் வராது” என்பது அடுத்த பொய். பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு (பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பந்துபோலச் சுருண்டுகொள்ளும்), பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி இரண்டும் சைட்டஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. 2024 விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். சில கடைகளில், வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாங்களாகவே சொல்லும்படி 2020-இல் அரசு கேட்ட தன்விருப்ப அறிவிப்பின் ஜெராக்ஸை நீட்டுவார்கள். அது அன்று கடைக்காரர் வைத்திருந்த விலங்குக்கானது. நேற்று வந்து இறங்கிய குட்டிக்குச் செல்லாது.

சரி, கூண்டு காலடி அகலம்கூட இல்லை, தண்ணீரும் இல்லை என்று புகார் கொடுக்கப் போகிறீர்கள். அலைச்சல் இங்கேதான் ஆரம்பம். 2018 செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், எலி வகை, கூண்டுப் பறவை என்று பெயர் சொல்கின்றன. பாம்பும் ஆமையும் அதில் இல்லை. கால்நடைத் துறை இதைக் காட்டி வனத்துறைக்கு அனுப்பும். வனத்துறை, கூண்டு எங்கள் வேலையில்லை என்று திருப்பி அனுப்பும். போலீஸில் கோர்ட் அனுமதி கேட்பார்கள்.

1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதரைத் தவிர எல்லா உயிரும் விலங்குதான். நகரக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பது 11-ஆவது பிரிவில் குற்றம். ஆனால் முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுக்கும் காசு அது. அதனால் புகாரைக் கூண்டில் தொடங்காதீர்கள், காகிதத்தில் தொடங்குங்கள். “இன்ன உயிரினம், இத்தனை, பரிவேஷ் பதிவு காட்டவில்லை” என்று மாவட்ட வன அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். கூண்டுக் கதை இரண்டாவது பத்தியில் வரட்டும். நகலை ஆட்சியருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். காவல் நிலையத்துக்கும் போனால் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

வீடியோவில் கடைப் பலகையும் கூண்டும் வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் தெரியட்டும். கடைக்காரரோடு மட்டும் சண்டை போட வேண்டாம். போட்டால், சாயங்காலத்துக்குள் எல்லாம் குடோனுக்குப் போய்விடும். அப்புறம் அதிகாரி வந்து பார்க்கும்போது அங்கே தங்கமீன்தான் இருக்கும்.