செமஃபோர்: கைகாட்டி

கணினியில் பல பணிகள் ஒரே வளத்தைப் பகிரும்போது, எது நுழையலாம், எது காத்திருக்க வேண்டும் என்று முறைப்படுத்துவது செமஃபோர். அதைத் தமிழில் ‘பூட்டு’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பூட்டு என்றால் பூட்டியவர் ஒருவர் இருப்பார், அவரே திறக்கவும் வேண்டும். செமஃபோருக்கு உரியவர் என்று எவரும் கிடையாது.

கிரேக்கத்தில் ‘சேமா’ என்றால் அடையாளம், ‘ஃபோரோஸ்’ என்றால் சுமப்பது. இரண்டையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் கடற்கரைச் சைகைக் கம்பத்துக்குப் பெயரிட்டார்கள். பிறகு அது ரயில் பாதைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் அதைக் கணினிக்குள் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. டச்சு மொழியில் அவர் எழுதிய சொல் ‘செய்ன்பால்’, அதாவது சைகைக் கம்பம். அதன் இரு செயல்களுக்கு அவர் வைத்த பி, வி என்ற எழுத்துகளும் முதலில் ‘கடந்து செல்லல்’, ‘விடுவித்தல்’ என்னும் ரயில்வேச் சொற்களிலிருந்து வந்தவையே.

அந்தக் கம்பத்துக்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: கைகாட்டி. “கைகாட்டி இறங்கிவிட்டது, வண்டி வருகிறது” என்று நடைமேடையில் சொன்னவர்களின் சொல் இது. புதிதாக ஒன்றை ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

கணினிக் கைகாட்டிக்குள் ஓர் எண் இருக்கிறது. நுழையும் பணி அதில் ஒன்றைக் குறைக்கும், விடுவிக்கும் பணி ஒன்றைக் கூட்டும். எண் பூஜ்யமாக இருந்தால் வந்த பணி உறங்கப் போய்விடும். உறங்கவும் எழவும் நேரம் செலவாகும். சுழல்பூட்டு, அதாவது ஸ்பின்லாக், உறங்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே நிற்கும். காத்திருப்பு நொடிப்பொழுதில் முடிந்தால் அது லாபம், நீண்டால் சிபியுவின், அதாவது கணினிச் செயலியின், உழைப்பு வீண்.

2008இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் செமஃபோர் நிரலைப் புதிதாக எழுதியபோது, ஏஐஎம்7 என்ற வேகச் சோதனையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிவு தெரிந்தது. புதிய நிரல் நியாயமாக நடந்துகொண்டதுதான் காரணம். வரிசையில் முதலில் நின்ற பணிக்கே அனுமதியைக் கொடுத்தது. அது உறக்கம் கலைந்து வரும்வரை, விழித்திருந்த பணிகளும் நுழைய முடியாமல் நின்றன. கெர்னலின் பல பகுதிகளுக்கும் பொதுவான ஒரே பூட்டாகிய பெரும்பூட்டு அப்போது செமஃபோரை நம்பியிருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பெரும்பூட்டை மீண்டும் சுழல்பூட்டாக்கினார்.

ஒரு நேரத்தில் ஒரே பணியை மட்டும் உள்ளே விடும் மியூட்டெக்ஸ் 2006இல் லினக்ஸுக்கு வந்தது. அதற்குத்தான் ‘பூட்டு’ என்ற சொல் பொருந்தும். அதற்கு உரியவர் உண்டு. அவர் வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தால், விரைவில் விடுவார் என்று நம்பிச் சற்றே சுழன்று பார்க்கலாம். 2009இல் அந்த வசதியும் சேர்ந்தது. கைகாட்டியால் அப்படிக் கணிக்க இயலாது, ஏனெனில் அடுத்து யார் விடுவிப்பார் என்பது அதற்குத் தெரியாது.