தாத்தா எங்கே இறந்தார் என்று முதலில் கேளுங்கள்

போன வாரமும் வம்சாவளிப் பட்டியல் போட ஒருவர் என்னிடம் வந்தார். இந்த மாதத்தில் இவர் நாலாவது ஆள். பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக ஒரு காகிதம்: கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவு இல்லை என்று தாலுகா ஆபீஸ் கொடுத்த சான்று. இரண்டு வருட அலைச்சல். "தோராயமா ஒரு தேதி போட்டு அஃபிடவிட் எழுதிடலாமா சார்?"

முடியாது. "அவர் எங்கே இறந்தார்?" என்று கேட்டேன். முழித்தார். அவருடைய அப்பத்தாவுக்குப் போன் போட்டோம். "கடைசியில திருச்சி ஆஸ்பத்திரியிலதானே கெடந்தாரு, அங்கேயே போயிட்டாரு. வேன் வச்சுல்ல கொண்டாந்தோம்" என்றார் அப்பத்தா. ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வக்கீல் தொழிலில் வம்சாவளிப் பட்டியல் போடாத மாதமே கிடையாது; ஒவ்வொரு மாதமும் இதையே சொல்கிறேன். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். சொந்த ஊரில் அல்ல, குலதெய்வம் இருக்கும் ஊரில் அல்ல, நிலம் இருக்கும் ஊரில் அல்ல, எரித்த ஊரிலும் அல்ல. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் உயிர் போனால் மகள் ஊர்ப் பதிவேடு. நகரத்து ஆஸ்பத்திரியில் போனால் அந்த நகராட்சி. மாலை போட்டு ஊரே கூடி அடக்கம் செய்தது உங்கள் கிராமமாக இருக்கலாம். பதிவேட்டுக்கு அது கணக்கில்லை.

கடல் கடந்து போனவர்களுக்கும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வருபவர்கள் முப்பாட்டன் இறந்த தேதியை இங்கே தேடுகிறார்கள். அவர் இறந்தது டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் என்றால் அந்தப் பதிவும் அங்கேதான். 1860 முதல் 1911 வரை கப்பலேறிய கூலிகளின் பதிவேட்டில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, பதிவு கிடைத்துவிட்டது. அடுத்த தப்பு வயதில். இறந்த ஆண்டிலிருந்து வயதைக் கழித்து, பிறந்த ஆண்டைக் கல்வெட்டு மாதிரி எழுதிவிடுகிறார்கள். அந்த வயதைச் சொன்னது யார்? கிராமத்தில் பெரும்பாலும் தலையாரி, அதாவது ஊர்க் காவலர். ஒருமுறை நான் பார்த்த ஒரு பக்கத்தில் 40, 50, 60, 60, 35, 60. ஊரில் யாருக்குமே 57 வயது ஆகவில்லை! இறந்த தேதியை நம்புங்கள். வயதுக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடம் விட்டுத் தேடுங்கள்.

பெயரும் அப்படித்தான். பத்திரத்தில் வேலாயுதம், பதிவேட்டில் வேலு. பெண்கள் பாடு இன்னும் மோசம், 'இன்னார் பெண்சாதி' என்பதோடு முடிந்துவிடும். பெயர் பொருந்தவில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தகப்பன் பெயரையும் தெருவையும் பாருங்கள். பழைய வருவாய்க் கணக்கோடு ஒப்பிடும்போது பசலி ஆண்டு, அதாவது வருவாய்க் கணக்குக்கான ஆண்டு, குறுக்கே வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும்.

எதனால் இறந்தார் என்று கேட்டு எழுத்தரோடு சண்டை போடாதீர்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவே, நகலில் இறப்புக் காரணத்தைக் காட்டக்கூடாது என்கிறது. அவர் மறைக்கவில்லை. தெரிந்தாலும் பழைய பதிவுகளில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 1918 கடைசி மாதங்களின் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து கீழ்வரை காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். இன்ஃப்ளுயென்சா என்று அன்றைக்கு யார் எழுதப்போகிறார்கள்.

அப்புறம் அந்தத் தோராயத் தேதி. ஓராண்டு கடந்த இறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வேண்டும். அங்கே போய் மனம்போன தேதிக்குச் சத்தியம் செய்வது பொய்ப் பிரமாணம். நாளைக்கு எதிர்த்தரப்பு உண்மைப் பதிவோடு கோர்ட்டில் வந்து நிற்கும்போது கூண்டில் ஏறப்போவது நீங்கள், எழுதிக் கொடுத்த புரோக்கர் அல்ல.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். ஆபீசுக்குக் கிளம்புமுன் வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். தேதி கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது. தீபாவளிக்கு முன்னாலயா, அறுவடை முடிந்தா, யார் கல்யாணம் தள்ளிப்போனது, யார் கைக்குழந்தை என்று கேளுங்கள். போன வாரம் பேசிய அந்த அப்பத்தா கேஸில், "சின்னவனுக்குப் பல் மொளைக்கல" என்றார். சின்னவர் பள்ளிச் சான்றிதழை எடுத்தோம். ஆறேழு மாதத்துக்குள் காலம் அடங்கிவிட்டது. திருச்சிக்கு மனு போயிருக்கிறது.