இந்த வீடியோ எதுக்கு சாட்சி?

2021 டிசம்பர் 8, குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்துல ஹெலிகாப்டர் விழுந்து ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தாங்க இல்லையா, அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல எங்க மலையில எல்லார் போன்லயும் ரெண்டு வீடியோ வந்துருச்சு. ஒண்ணு பயங்கரமா இருக்கும், ஹெலிகாப்டர் வானத்துலயே எரிஞ்சுகிட்டு கீழ வருது. இன்னொண்ணுல பாக்க பெருசா ஒண்ணுமே இல்ல, காட்டேரி பக்கம் ரயில் தண்டவாளம் ஓரமா நின்னவங்க எடுத்தது, ஹெலிகாப்டர் சின்னதா தெரியுது, மிஸ்ட்டுக்குள்ள போயி மறையுது, ஒரு சத்தம், நின்னவங்க திரும்பி பாக்குறாங்க, அவ்ளோதான்.

அதிகமா ஷேர் ஆனது எதுன்னு சொல்லவே வேணாம். ஆனா அந்த எரியுற ஹெலிகாப்டர் சிரியாவோடது, 2020 பிப்ரவரில இட்லிப்ல சுட்டு வீழ்த்தினது. எங்க ஊர் மலையோட ஒரு விளிம்பு கூட அதுல கிடையாது, ஆனாலும் குன்னூர்லயே பொறந்து வளந்தவங்க அதை "நம்ம காட்டேரி"ன்னு போட்டு அனுப்பினாங்க. போலீஸ் அந்த ரெண்டாவது வீடியோ எடுத்த போனை வாங்கி கோயம்புத்தூர் ஃபாரன்சிக் லேபுக்கு அனுப்பினாங்க. 2022 ஜனவரில விமானப்படை விசாரணையோட முடிவு வந்துச்சு, பள்ளத்தாக்குல திடீர்னு வானிலை மாறி மேகத்துக்குள்ள போனதால பைலட்டுக்கு திசை குழம்பிருச்சுன்னு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா சிரியா வீடியோவும் பொய் கிடையாது, அதுல இருக்கிற நெருப்பு நிஜம், அதுல செத்தவங்களும் நிஜம், மேல எழுதின வரிதான் பொய். அதனால போர் வீடியோ ஒண்ணு வந்தா "இது உண்மையா ஃபேக்கா"ன்னு கேக்குறது பாதி கேள்விதான்னு நான் சொல்லுவேன். இந்த வீடியோவை காட்டி என்ன வாக்கியத்தை நம்ம தலையில ஏத்துறாங்க, அந்த வாக்கியத்துக்கு இந்த படம் சாட்சியா நிக்குமா, இதுதான் முழு கேள்வி. கல்யாண வீடியோவுல ஒரு ஃபிரேம் கூட பொய் இருக்காது, ஆனா பந்தியில சித்தப்பா சண்டை போட்டு எழுந்து போனது அதுல இருக்காதுல்ல, போர் பிரச்சாரத்துல பாதி அந்த மாதிரி எடிட்டிங்தான்.

சரி, இதை எப்படி செக் பண்றாங்க? முதல்ல எடம். இதுல மலைக்காரங்களுக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்கு. கோத்தகிரி ரோட்ல நின்னு ரங்கசாமி மலையை பாத்தவன், அதே மலையை பவானிசாகர் பக்கமிருந்து பாத்தா வேற மாதிரி தெரியும்னு தெரிஞ்சு வச்சிருப்பான். மலையோட மேல் விளிம்பு, அந்த கோடு, நீங்க எங்க நிக்கிறீங்களோ அதுக்கு ஏத்தபடி மாறும், ரெண்டு சிகரம் ஒண்ணு மேல ஒண்ணு மறையுறது ஒரே ஒரு திசையில இருந்து பாத்தாத்தான் நடக்கும். அதனால வீடியோவுல பின்னாடி ஒரு மலைத்தொடர் தெரிஞ்சா அது கிட்டத்தட்ட கைரேகை மாதிரிதான், கூகுள் எர்த்ல அந்த ஏரியாவை முப்பரிமாணத்துல சாய்ச்சு பாத்து ஒவ்வொரு எடமா நின்னு கோடு பொருந்துதான்னு பாப்பாங்க.

2018 ஜூலைல ஒரு வீடியோ வந்துச்சு, ராணுவ உடையில இருக்கிறவங்க ரெண்டு பொண்ணுங்களையும் ரெண்டு சின்ன குழந்தைங்களையும் நடக்க வச்சு கூட்டிட்டு போயி சுட்டுக் கொல்றாங்க. கேமரூன் நாட்டுல எடுத்ததுன்னு பேச்சு, அந்த நாட்டு அரசாங்கம் ஃபேக் நியூஸ்னு அடிச்சு சொல்லிருச்சு. பிபிசி ஆப்பிரிக்கா ஐ குழு அந்த வீடியோவுல முதல் சில நொடி பின்னாடி தெரியுற மலை விளிம்பை எடுத்துகிட்டாங்க. கேமரூன்காரர் ஒருத்தர் ஜெலெவெட் ஊர் பக்கம் பாருங்கன்னு துப்பு குடுக்க, அங்க போயி பொருத்தி பாத்தா கோடு அப்படியே உக்காந்துச்சு. அப்புறம் வீடு, சுவர், மரம், ஒத்தையடிப் பாதைன்னு ஒவ்வொண்ணா பழைய சேட்டிலைட் படத்தோட ஒப்பிட்டாங்க, எந்த கட்டடம் எந்த வருஷம் இருந்துச்சு, எது அப்புறம் காணாம போச்சுன்னு பாத்து காலத்தை சுருக்கினாங்க, கடைசியா நடந்து போற ஆளுங்களோட நிழலை அளந்து 2015 மார்ச் 20-லருந்து ஏப்ரல் 5-க்குள்ளன்னு கொண்டு வந்து நிறுத்தினாங்க. ஃபேக்னு சொன்ன அரசாங்கமே சிப்பாய்ங்களை கைது பண்ணுச்சு, 2020-ல நாலு பேருக்கு 10 வருஷம் சிறை.

நிழல் விஷயம் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா இது வெறும் ஸ்கூல் ஜியோமெட்ரிதான். ஊட்டி பூமத்திய ரேகைல இருந்து சுமார் 11.4 டிகிரி வடக்கே இருக்கு, அதனால ஏப்ரல் 20 சுமாருக்கும் ஆகஸ்ட் 23 சுமாருக்கும் நண்பகல்ல சூரியன் நேரா தலைக்கு மேல வரும், நிழலே இருக்காது (மிஸ்ட் விலகினா பாக்கலாம், ஆகஸ்ட்ல அது நடக்கிறது கஷ்டம்). நடுவுல இருக்கிற நாலு மாசம் நம்ம நண்பகல் நிழல் தெற்கு பக்கம் விழும். உக்ரைனோட கீவ்லயோ காசாவுலயோ இது நடக்கவே நடக்காது, 23.4 டிகிரிக்கு வடக்கே இருக்கிற எந்த ஊர்லயும் நண்பகல் நிழல் எப்பவும் வடக்கேதான். நீளமும் அப்படியே, டிசம்பர் கடைசியில ஊட்டியில ஆறடி ஆளோட நண்பகல் நிழல் நாலு அடி சொச்சம், அதே நாள் கீவ்ல 20 அடியை தாண்டும். அப்போ உக்ரைன் குளிர்காலம்னு சொல்லி வர்ற வீடியோவுல மனுஷன் நிழல் எந்நேரமும் காலடியிலயே குட்டையா கெடந்தா அங்கயே நிறுத்திடலாம். ஆனா நிழல் தனியா தேதி சொல்லாது, சூரியன் வருஷத்துல ரெண்டு தடவை அதே பாதைல வரும், எடமும் திசையும் முன்னாடியே உறுதியா தெரியணும், அதான் மலையை முதல்ல புடிக்கிறது.

அடுத்தது காது. படத்தை விட சத்தத்தை போலியா செய்றது கஷ்டம்னு எனக்கு தோணுது, மியூசிக் போட்டு சத்தத்தை மூடின போர் வீடியோவை நான் உடனே ஒரு படி கீழ வைப்பேன். வெடி வெளிச்சம் உடனே வருது, சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்துல பின்னாடி வருது (20 டிகிரில 343, நம்ம ஊர் குளிர்ல 10 டிகிரின்னா 337). ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்த குண்டுன்னா வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு நொடி இருக்கணும். வெளிச்சமும் சத்தமும் ஒண்ணா வந்தா ஒண்ணு கேமரா பக்கத்துல குண்டு விழுந்திருக்கணும், இல்லன்னா எடிட்டர் ஒட்டியிருக்கணும்.

வெலிங்டன் பேரக்ஸ் பக்கம் டீக்கடையில ரிட்டயர்டு ராணுவக்காரங்க நெறைய பேர் உக்காருவாங்க, மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அங்கதானே இருக்கு. ஒரு ஹவில்தார் ஐயாகிட்ட துப்பாக்கி சத்தம் பத்தி கேட்டேன். "தம்பி, தோட்டா உன்ன தாண்டறப்ப டப்புனு ஒரு கிராக் கேக்கும், அப்புறம்தான் அந்தாண்ட பக்கம் துப்பாக்கியோட தம்ப் கேக்கும், நடுவுல இருக்கிற கேப்பை வச்சு எவ்ளோ தூரத்துல இருந்து சுடுறான்னு நாங்க சொல்லிடுவோம்"னார். காரணம் ரொம்ப சிம்பிள், ரைஃபிள் தோட்டா சத்தத்தை விட ரெண்டு மடங்குக்கும் மேல வேகமா வருது, அதோட அதிர்ச்சி அலை முதல்ல, வெடிச்ச சத்தம் அப்புறம். 180 மீட்டர் தூரம்னா அந்த கேப் சுமாரா 0.3 நொடி. 2022 மே 11 பாலஸ்தீன மேற்குக் கரையில இருக்கிற ஜெனின்ல பத்திரிகையாளர் ஷிரீன் அபு அக்லே கொல்லப்பட்டப்ப நெறைய ஊடகங்கள் இதே கணக்கைத்தான் போட்டாங்க, போன் வீடியோவுல பதிவான அந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல இருக்கிற மில்லி செகண்டை அளந்து சுட்டவர் 200 மீட்டருக்குள்ளன்னு சொன்னாங்க, அந்த தூரத்துல இஸ்ரேல் ராணுவ வண்டிங்க நின்னுச்சு. அந்த ராணுவமே செப்டம்பர்ல தங்க சிப்பாயோட குண்டு தெரியாம பட்டிருக்க வாய்ப்பு அதிகம்னு ஒத்துகிச்சு. சுட்ட ஆளை அந்த வீடியோ காட்டவே இல்ல, ஆனாலும் தூரத்துக்கு அது சாட்சி. வேணும்னு சுட்டாங்களாங்கிறதுக்கு அந்த 0.3 நொடி பதில் சொல்லாது, அதுக்கு வேற ஆதாரம் வேணும்.

வீடியோ கேம் கிளிப் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமா தாண்டிடுறேன். ஆர்மா 3 கேம் காட்சி அவ்ளோ தடவை நிஜ போர்னு சுத்துனதால அதை செஞ்ச போஹீமியா இன்டராக்டிவ் கம்பெனியே 2022 நவம்பர்ல எப்படி கண்டுபுடிக்கணும்னு அறிக்கை விட்டுச்சு: படம் மங்கலா இருக்கும், கேமரா ஓவரா ஆடும், பெரும்பாலும் ராத்திரி, சத்தம் இருக்காது, மனுஷங்க பெருசா நடமாட மாட்டாங்க. மங்கலா இருக்கிறதே ஒரு க்ளூங்கிறது எனக்கு புடிச்ச பாயின்ட், நல்ல குவாலிட்டில விட்டா மாட்டிக்குவோம்னு அவனுக்கும் தெரியும். 2019-ல அமெரிக்க ஏபிசி நியூஸ் கென்டகியில இருக்கிற துப்பாக்கி சுடுற மைதானத்து வீடியோவை சிரியா மேல துருக்கி தாக்குதல்னு போட்டு மன்னிப்பு கேட்டுச்சு. 2025 மே மாசம் நம்ம பக்கம் பாகிஸ்தான் ஏவுகணை விழுந்ததுன்னு சுத்துன ஒரு வீடியோ 2020 பெய்ரூட் துறைமுக வெடிப்புன்னு மத்திய அரசோட செய்திப் பிரிவான பிஐபி சொல்ல வேண்டியதா போச்சு. இதெல்லாம் ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டா பெரும்பாலும் மாட்டிக்கும்.

மாட்டாதது எதுன்னா எடம் சரி, தேதி சரி, கேமரா நிஜம், எடுத்தது ராணுவமே, ஆனாலும் நம்மள ஏமாத்துற வீடியோ. 1999 ஏப்ரல் 12 செர்பியாவுல கிர்தெலித்சா பாலத்து மேல போன பாசஞ்சர் ரயில்ல நேட்டோ ஏவுகணை பட்டு பொதுமக்கள் செத்தாங்க. நேட்டோ தளபதி வெஸ்லி கிளார்க் அடுத்த நாள் ஏவுகணையோட முன்னாடி இருந்த கேமரா வீடியோவை பத்திரிகைக்காரங்களுக்கு போட்டு காட்டினார், பாருங்க, ரயில் எவ்ளோ வேகமா உள்ள வருது, பைலட்டுக்கு ஒரு நொடி கூட டைம் இல்லன்னார். பாத்தவங்க எல்லாரும் ஆமான்னுதான் நெனச்சிருப்பாங்க. 2000 ஜனவரில ஒரு ஜெர்மன் பத்திரிகை கண்டுபுடிச்சு எழுதுச்சு, அந்த வீடியோ நிஜ வேகத்தை விட மூணு மடங்கு வேகத்துல ஓட்டப்பட்டிருக்குன்னு. ஃபார்மட் மாத்துறப்ப நடந்த டெக்னிக்கல் கோளாறுன்னு நேட்டோ சொல்லுச்சு, இருக்கலாம். ஆனா ஒரு ஃபிரேம் கூட மாத்தாம, ஃபிரேமுக்கு நடுவுல இருக்கிற நேரத்தை மட்டும் சுருக்கினா "தவிர்க்கவே முடியல"ங்கிற வாக்கியம் தானா பொறந்துருது பாருங்க. ரயில் மேல ஏவுகணை பட்டதுக்கு அது சாட்சி, பைலட்டுக்கு டைம் இல்லங்கிறதுக்கு இல்ல.

1991 வளைகுடா போர்லயும் இதே கதை வேற ரூபத்துல. ஜன்னலுக்குள்ள குறி தவறாம போற குண்டுன்னு தெனமும் டிவில காட்டினாங்க, அத்தனையும் நிஜ வீடியோ, ஆனா அந்த போர்ல போட்ட குண்டுல வழிகாட்டி வச்ச குண்டு 10 சதவீதத்துக்கும் கீழ. இப்ப உக்ரைன்ல ரெண்டு பக்கமும் விடுற எஃப்பிவி ட்ரோன் (அதோட கேமரா வழியா பாத்துகிட்டே ஓட்டி இலக்குல மோத விடுறது) வீடியோவும் அந்த குடும்பம்தான். டேங்க் பக்கத்துல வருது, வருது, அப்புறம் திரை புள்ளி புள்ளியா ஆகி முடிஞ்சுருது, நம்ம மனசு வெடிப்பை போட்டுக்குது. ட்ரோன் போய் சேர்ந்ததுக்கு மட்டும்தான் அது சாட்சி, டேங்க் அழிஞ்சுதாங்கிறதுக்கு மேல பறக்குற இன்னொரு ட்ரோனோட வீடியோ வேணும். சிக்னல் போயி வழியில விழுந்த ட்ரோனோட வீடியோவை எவனும் மியூசிக் போட்டு விட மாட்டான். ஒரிக்ஸ்னு ஒரு குழு படத்துல தெரியுற சேதத்தை மட்டும், ஒரே வண்டி ரெண்டு தடவை வராம எண்ணினாங்க, அதனாலதான் அவங்க எண்ணிக்கையை குறைஞ்சபட்சம்னு எடுத்துக்கணும், ரெண்டு பக்கம் அரசாங்கம் சொல்ற நம்பரை அப்படி எடுத்துக்க முடியாது.

தலைகீழாவும் நடக்கும். லிபியாவுல மஹ்மூத் அல் வெர்ஃபாலிங்கிற கமாண்டர் பங்கு இருக்குன்னு சொல்லப்பட்ட கொலைங்களை அவனோட ஆளுங்களே வீடியோ எடுத்து பெருமையா சோஷியல் மீடியாவுல விட்டாங்க. அப்பட்டமான பிரச்சாரம், எதிரியை பயமுறுத்த. 2017 ஆகஸ்ட்ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அவன் மேல கைது வாரண்ட் போட்டப்ப ஏழு சம்பவம், 33 பேர் கொலைங்கிற குற்றச்சாட்டுக்கு முக்கிய ஆதாரமே அந்த வீடியோங்கதான். 2021-ல அவன் கொல்லப்பட்டான், வழக்கு விசாரணைக்கே வரல.

அந்த மாதிரி வீடியோ கோர்ட்டுக்கு போற வரைக்கும் உசுரோட இருக்கணும்ங்கிறது இன்னொரு தலைவலி. 2017-ல யூடியூப் தீவிரவாத வீடியோவை மிஷின் வச்சு தூக்குறேன்னு ஆரம்பிச்சப்ப சிரியாவுல மனித உரிமைக்காரங்க சேத்து வச்சதும் சேந்து காணாம போச்சு. அதனாலதான் இப்ப கெடச்ச நிமிஷமே டவுன்லோட் பண்ணி ஹேஷ் போட்டு வைக்கிறாங்க, ஹேஷ்னா ஃபைல்ல இருந்து கணக்கு போட்டு எடுக்கிற கைரேகை மாதிரி, அதுல ஒரு முறையான எஸ்எச்ஏ-256ன்னா எவ்ளோ பெரிய ஃபைலா இருந்தாலும் 64 எழுத்துல ஒரு அடையாளம் வரும், உள்ள ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64-ம் கிட்டத்தட்ட மொத்தமா வேற மாதிரி ஆயிரும். வாட்ஸ்அப்ல சாதாரணமா வீடியோவா அனுப்பினா அது மறுபடி அமுக்கி அனுப்பும், எடுத்த நேரம் எடம் மாதிரி தகவலும் போயிரும், ஹேஷ் மாறிரும், டாக்குமெண்ட்டா அனுப்பினாத்தான் ஃபைல் அப்படியே போகும். நம்ம நாட்டுல 2024 ஜூலை 1-லருந்து நடைமுறைல இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-லயும் எலக்ட்ரானிக் ஆதாரத்தோட ஒரு சர்டிஃபிகேட் கேக்குறாங்க, ரெண்டு பகுதி, ஒண்ணு குடுக்குறவர் கையெழுத்து போடுறது, இன்னொண்ணு எக்ஸ்பர்ட் போடுறது, ரெண்டுலயும் ஹேஷ் எழுதணும். முதல் பகுதியில எந்த டிவைஸ், என்ன மாடல், சீரியல் நம்பர், ஐஎம்இஐ நம்பர் எல்லாம் கேக்குறான், நாலு குரூப் தாண்டி வந்த ஃபார்வர்டை கையில வச்சுகிட்டு அந்த கட்டத்தை நிரப்ப உக்காந்தா எழுத ஒண்ணும் இருக்காது.